ஐந்தாவது தாளில் ஒரு ‘ப்’

சன்னல் பக்கம் போய்விடுங்கள் தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லாரையும் பார்த்துக்கொள்ளலாம். காற்று உங்களுக்கு வரட்டும்.

பை மடியிலேயே இருக்கட்டும். மேலே வைக்கிற பையில்லை இது. வாடை அடிக்கிறதா? அடிக்கும். வெயிலுக்கு இளகும். மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன், பயப்படாதீர்கள். என்னவென்று பிறகு சொல்கிறேன்.

சங்கிலி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இராசபாளையம் ஆலைச் சங்கத்துச் சங்கிலி. இல்லையா. உங்கள் வயதுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் நான் கையைத் தூக்கினால் இந்த ரூட்டில் பஸ் ஓடாது. இப்போது கண்டக்டர், “பெருசு, பைய ஒடுக்கி வையி, ஆளு நடக்க வேண்டாமா” என்கிறான். கேட்டீர்கள் அல்லவா? அவன் அப்பனுக்கு வேலை மறுபடி கிடைக்க உண்ணாவிரதம் இருந்தவன் நான்.

பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மேடைத் தமிழ் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவை துண்டறிக்கைகள். பழைய பேப்பர் கடையில் ஒரு இலக்கணப் புத்தகம் கிடைத்தது. பின்பாதியை எவனோ கடலை மடிக்கக் கிழித்திருந்தான். முன்பாதியே எனக்குத் தாராளமாகப் போதும். ஒற்று மிகும் இடங்கள், அத்தனையும் மனப்பாடம். க, ச, த, ப வந்தால் கவனி, சங்கிலி! சங்கத்தில் பட்டம் வாங்கியவன் எழுதினால்கூட என்னிடம் கொடுத்துத்தான் அச்சுக்கு அனுப்புவார்கள். நான் விட்டுப்போன ஒற்றையெல்லாம் போட்டு அனுப்புவேன்.

அது கிடக்கட்டும். நீங்கள் சினிமா பார்ப்பீர்களா?

‘தட்டுகிறார்கள்’ என்று ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரு பேராசிரியன். தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். ஐந்து நண்பர்கள், அதில் ஒருவன் காட்டிக் கொடுக்கிறான். யார் என்று கண்டுபிடிக்க ஐந்து பேருக்கும் ஐந்து விதமாகக் கடிதம் கொடுக்கிறான். எங்கள் ஊர்த் தியேட்டரில் பன்னிரண்டு நாள் ஓடியது. நான் பத்தொன்பது தடவை பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். டிக்கெட் கிழிக்கிற சேதுவும் இப்படித்தான் சிரித்தான். “பெரியவரே, இன்னைக்கும் அதே படந்தான்.” தெரியும், கிழி என்றேன். “கதாநாயகி கூட கெடையாதே இதுல, யாரப் பாக்க வாறீரு?” என்றான். நான் யாரைப் பார்க்க வருகிறேன் என்று அவனுக்கு எதற்கு? அப்படிக் கேட்கச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து வேறு வாசல் வழியாகப் போனேன்.

அது என் கதை, தம்பி. என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள்.

சும்மா சொல்லவில்லை. அந்தப் பேராசிரியன் தாளைப் புரட்டுவதற்கு முன்னால் விரலை இரண்டு தடவை நாக்கில் தொடுவான். நான் அப்படித்தான். வந்த கடிதத்தைப் பிரிக்காமல் முகர்ந்து பார்ப்பான். நான் அப்படித்தான். அவன் பெண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று சொல்கிறாள்: “உங்களுக்குப் பொண்டாட்டி வேண்டாம். சாட்சிதான் வேணும்.” இது என் பெண்டாட்டி முப்பிடாதி எங்கள் அடுப்படியில் நின்று சொன்னது. சங்கரன்கோவிலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போன அன்று சொன்னது. அப்போது அங்கே வேறு ஆளே இல்லை. ஆகவே அவள்தான் போய் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். எனக்கு அப்போதே அவள் மேல் ஒரு கண் இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருடம் வேலைநிறுத்தம். நான் தலைவன், எனக்குக் கீழே நடவடிக்கைக் குழு ஐந்து பேர். நாங்கள் காலையில் முடிவு எடுத்தால் மத்தியானம் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும். கிழக்கு வாசலை மறிக்கலாம் என்றால், போவதற்கு முன்னால் அங்கே போலீஸ் வேன் நிற்கும். ஐவரில் ஒருவன் ஒற்றன்.

ஒற்றனை ஒற்றாலேயே பிடிப்பது என்று முடிவு செய்தேன். எப்படி என்று கேளுங்கள். ரகசியச் சுற்றறிக்கை ஒன்று, ஐந்து பிரதி, ஐந்தும் என் கையெழுத்து. ஒவ்வொரு பிரதியிலும் வேண்டுமென்றே ஒரே ஒரு ஒற்றை விட்டேன், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில். ஒருவன் தாளில் ‘வாசலை தடுப்போம்’ என்று ‘த்’ இருக்காது. இன்னொருவன் தாளில் ‘ஒற்றுமையை குலைக்காதே’ என்று ‘க்’ இருக்காது. இப்படி நாலு பேருக்கு. ஐந்தாவது தாள் மாசிலாமணிக்கு. கடைசி வரி, ‘நிர்வாகத்துக்குத் துணைப்போகாதே’. அவன் தாளில் மட்டும் அந்தப் ‘ப்’பை விட்டுவிட்டேன். ‘துணைபோகாதே.’ எந்தத் தாள் வெளியே போனாலும் பிழை ஆளைக் காட்டிக்கொடுக்கும். மறுநாளே ஐந்து தாளையும் திரும்ப வாங்கிவைத்துக்கொண்டேன். எப்படி என் மூளை?

மூன்றாம் நாள் ஆலை வாசலில் நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. சிவகாசியில் அச்சடித்தது. ‘பாரீர், உங்கள் தலைவரின் சதித்திட்டம்’ என்று தலைப்பு. கீழே என் சுற்றறிக்கை, வரிக்கு வரி. ஓடிப்போய்ப் படித்தேன். வாசலைத் தடுப்போம், ‘த்’ இருக்கிறது. ஒற்றுமையைக் குலைக்காதே, ‘க்’ இருக்கிறது. நாலு பேர் சுத்தம். கடைசி வரிக்கு வந்தேன். துணைபோகாதே. ‘ப்’ இல்லை.

மாசிலாமணி.

என்னை ‘அண்ணே, அண்ணே’ என்று சுற்றிவந்தவன். நான் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அவன் பத்தாவது பாஸ், கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒரு தடவை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இதுல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு” என்றான். பின்னாலிருந்து எவனோ, “எழுத்துதானடா கூடிருக்கு, கூலியா கூடிருச்சு, விடு” என்றான். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் குறித்துவைத்துக்கொண்டேன். தலைவனின் எழுத்தில் குறை தேடுகிறவன் எங்கே போய் நிற்பான்?

பொதுக்குழுவைக் கூட்டி அறிவித்தேன். மாசிலாமணி கருங்காலி. அவன் கத்தவில்லை, அழவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டான்: “என் தாள மட்டும் ஒரு தடவ காட்டுங்கண்ணே.”

குற்றவாளி கையில் சாட்சியத்தைக் கொடுக்க நான் என்ன பைத்தியமா? காட்டவில்லை.

அன்று மாலையே அவன் வீட்டுச் சுவரில் தாரால் எழுதினேன். நானேதான் எழுதினேன். வேறு எவனாவது எழுதினால் பிழை விட்டுவிடுவான். ‘கருங்காலி வீடு.’ முழ உயர எழுத்து. அவர்கள் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு தாரிடம் செல்லாது, தம்பி. ஒரு கோடை வந்தால் போதும், உள்ளே இருந்து கசிந்து மேலே வந்துவிடும்.

பிறகு அவனோடு யாரும் பேசவில்லை. முடி வெட்டுகிற கடையில் இவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள். ஊரைவிட்டுப் போவான் என்று பார்த்தேன், போகவில்லை. அப்படியானால் ஏதோ திட்டம் இருக்கிறது. அவன் வீட்டுக்கு எதிரே ஒரு தையல் கடை. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். பதினோரு மாதம். எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறது, யார் வருகிறார்கள், குப்பையில் என்ன தாள் கிடக்கிறது, எல்லாம் நோட்டில் இருக்கிறது. யாருமே வரவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருந்தால் பதினோரு மாதத்தில் ஒருவன்கூட வராமல் இருப்பான்!

அவனுக்கு ஒரு மகள், சுடர்க்கொடி. அப்போது எட்டு வயது. பெயர் வைத்தவனே நான்தான், சங்க அலுவலகத்தில் வைத்து, மிட்டாய் கொடுத்து. நான் வெயிலில் உட்கார்ந்திருப்பேன், அது செம்பில் தண்ணீர் கொண்டுவரும். “மாமா, தண்ணி.” வாங்கிக் குடிப்பேன். குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்? ஒருநாள் கேட்டது: “மாமா, எங்க வீட்ட ஏன் பாத்துக்கிட்டே இருக்கீங்க?”

“காவலுக்கு இருக்கேம்மா” என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே ஓடியது. அன்று சாயங்காலம் இரண்டு முறுக்கும் கொண்டுவந்தது, காவல்காரருக்கு என்று.

மாசிலாமணி கடைசியில் திருப்பூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, அங்கேயே செத்தான். சேதி வந்தது. நான் போகவில்லை. ஆனால் அன்று முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். துட்டிக்கு யார் யார் ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். மூன்று பேர். அந்த மூன்று பேரையும் அடுத்த மாதம் சங்கத்தைவிட்டு நீக்கினேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். படத்தில் பாதியில் ஒரு காட்சி. பேராசிரியன் நண்பன் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஒரு சின்னப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கேட்கிறாள், எங்க வீட்டை ஏன் பாத்துக்கிட்டே இருக்கீங்க என்று. அவன் சொல்கிறான்: “காவலுக்கு இருக்கேம்மா.”

என் கையில் இருந்த நோட்டு கீழே விழுந்துவிட்டது. கடைசியில் பெயர் ஓடும்போது பார்த்தேன். கதை: சுடர் மாசிலாமணி.

நான் வைத்த பெயரைப் பாதியாக வெட்டிவிட்டு, அவன் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறாள்.

கதையைத் திருடியதைக்கூட மன்னிப்பேன். முடிவை மாற்றிவிட்டாள், தம்பி. அவள் கதையில் ஒற்றனே கிடையாது. எல்லாம் அந்தப் பேராசிரியன் மனசுக்குள்ளே இருக்கிற கோளாறாம். ஒரு வைத்தியன் வந்து மாத்திரை எழுதுகிறான்! கடைசிக் காட்சியில் ஐந்து நண்பர்களும் வந்து கதவைத் தட்டுகிறார்கள், அவன் திறக்கவே இல்லை. திரை இருட்டாகிறது. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள், நான் கடைசிப் பெயர் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பின்வரிசையில் இன்னொருவனும் உட்கார்ந்திருப்பான். கண்ணாடி போட்ட ஆள். பத்தொன்பது தடவையில் எத்தனை தடவை என்று சரியாகச் சொல்ல முடியாது. திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுவான்.

அந்தப் படத்தை நம்பினால் என்ன அர்த்தம்? சங்கிலி ஒரு குற்றமும் செய்யாதவன் வீட்டில் தார் அடித்தான் என்று அர்த்தம். சங்கிலியின் நாற்பத்தோரு வருடமும் தப்பு என்று அர்த்தம். முப்பிடாதி, சங்கம், ஊர், எல்லாம் என்னைவிட்டுப் போனதற்கு ஒரு காரணமும் இல்லை என்று அர்த்தம். அதை விட முடியுமா?

அதுதான் மதுரைக்குப் போகிறேன். இன்று சாயங்காலம் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம். முதல் வரிசையில் உட்காருவேன். எழுந்து சாட்சியத்தைக் காட்டுவேன். ‘என் அப்பா கருங்காலிதான்’ என்று அவள் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வீடு தெரியும். நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். மூன்றாவது மாடி, நீலத் திரை. ஆறேகால் ஆனால் டீ டம்ளரோடு பால்கனிக்கு வருவாள். எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, அங்கே ஒரு ஸ்டூல் கிடக்கிறது. கீழே சுவர் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறது. நல்ல சுவர்.

ஆமாம், பையில் இருப்பது தார்தான். சின்ன டப்பா, ஒரு பிரஷ். அதுதான் அந்த வாடை.

ஏன் முகம் மாறுகிறது? நான் யாரையும் அடித்ததே கிடையாது. என் ஆயுதம் எழுத்து. இதோ பாருங்கள், கூட்டத்தில் கொடுக்க ஐந்நூறு அடித்திருக்கிறேன். ‘பொய்ப் படத்துக்குத் துணைப்போகாதே!’ தலைப்பு எப்படி? வாங்கிப் படியுங்கள். நிதானமாகப் படியுங்கள். கிருஷ்ணன்கோவில்தான் தாண்டியிருக்கிறோம்.

தம்பி.

என்ன செய்கிறீர்கள்? என் தாளில் என்ன கோடு அது?

சிவப்புப் பேனாவா?

‘சும்மா கைப் பழக்கம்யா’ என்கிறீர்கள். என்ன பழக்கம்? அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையா? எங்கே, சிவகாசியிலா. சரி. என்ன பிழை கண்டீர்கள் இதில்? பத்துத் தடவை பார்த்து அடித்தது.

மறுபடி சொல்லுங்கள்.

‘துணைபோகாதே’ என்பதில் ‘ப்’ வராதா?

ப வருகிறதே தம்பி, ப வந்தால் மிகுமே! எல்லா இடத்திலும் மிகாதா? மிகா இடங்கள் என்று ஒன்று உண்டா? அது தனிப் பாடமா? எந்தப் புத்தகத்தில்? பின்பாதியிலா.

இருங்கள். இருங்கள், இதைப் பாருங்கள். நாற்பத்தோரு வருடமாகக் கண்ணாடித் தாளில் வைத்திருக்கிறேன். ஆலை வாசலில் நானே பிய்த்தெடுத்த நோட்டீஸ். ஓரம் உதிரும், மெதுவாகப் பிடியுங்கள். இதில் எத்தனை பிழை? உங்கள் பேனாவைத் திறக்காமல், கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றுகூட இல்லையா?

கடைசி வரியைப் பாருங்கள். ‘துணைபோகாதே’ என்று இருக்கிறது. அது பிழையில்லையா? அதுதான் சரியா?

சரி, ஒன்று கேட்கிறேன். ஒருவன் பிழையோடு ஒரு தாளைக் கொண்டுவந்து அச்சடிக்கக் கொடுக்கிறான். அப்படியே அடிக்கமாட்டீர்களா? அவன் கேட்காமலேயே திருத்துவீர்களா? விட்டுப்போன ‘த்’, விட்டுப்போன ‘க்’ எல்லாவற்றையும்? கூடுதலாக இருக்கிற எழுத்தையும் எடுத்துவிடுவீர்களா? எந்தத் தாள் வந்தாலும், யார் தாள் வந்தாலும், வெளியே போகும்போது இப்படித்தான் போகுமா?

‘கையில பேனா இருந்தா திருத்தாம இருக்க முடியாதுய்யா.’

நோட்டீஸைத் திருப்பிக் கொடுங்கள்.

என்ன ஊர் இது, கல்லுப்பட்டியா. வண்டி நிற்கட்டும். ஏறுகிறவர்கள் ஏறட்டும்.

“என் தாள மட்டும் ஒரு தடவ காட்டுங்கண்ணே.” அவன் பத்தாவது பாஸ். பார்த்திருந்தால் ‘ப்’ வராது என்று சொல்லியிருப்பான். அப்படியானால் மற்ற நாலு தாளும்... யாருடையது வேண்டுமானாலும்...

இல்லை.

இல்லை, இல்லை. எனக்கு ஒன்று தோன்றுகிறது. கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். இந்தப் பஸ்ஸில் இத்தனை சீட் காலியாக இருந்தபோது நீங்கள் ஏன் இதில் வந்து உட்கார்ந்தீர்கள்? நான் அவள் கூட்டத்துக்குப் போகிற இதே நாளில், இதே வண்டியில், சிவகாசி அச்சகத்து ஆள். பையில் சிவப்புப் பேனா. நான் தாளைக் கொடுத்ததும், கேட்காமலேயே, சரியாக அந்த எழுத்தின் மேல் கோடு. இத்தனை எழுத்தில் அந்த ஒரு எழுத்து!

கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதீர்கள். போட்டுக்கொள்ளுங்கள். இப்படித் திரும்புங்கள், தியேட்டர் இருட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை அப்போது.

சிரித்து மழுப்பாதீர்கள். ‘நான் அந்தப் படமே பாக்கலய்யா’ என்கிறீர்கள். மாசிலாமணியும் இதைவிட அழகாக நடித்தான். அவள் அனுப்பினாளா? அவள் அப்பனைக் காப்பாற்ற இலக்கணத்தையே மாற்றச் சொன்னாளா? எவ்வளவு பெரிய திட்டம்! நாற்பத்தோரு வருடம் கழித்து ஒரு புள்ளியை வைத்து என்னை வீழ்த்தப் பார்க்கிறார்கள்.

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். நான் காலை எடுத்தால்தானே நீங்கள் தாண்ட முடியும்? கண்டக்டர் பார்க்கிறார், சும்மா உட்காருங்கள். நீங்கள் டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொண்டேன், திருமங்கலம். நானும் அங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

மதுரை ஓடியா போய்விடும்? அவள் எங்கேயும் போகமாட்டாள். நீலத் திரை அங்கேயேதான் இருக்கும். ஒரு வாரம், ஒரு மாதம், என்ன அவசரம்? முதலில் உங்களைப் பார்க்கவேண்டும். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள். எதிரே ஒரு பெஞ்சு இருந்தால் எனக்குப் போதும். வீட்டில் குழந்தைகள் உண்டா? பயப்படவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தாத்தா காவலுக்கு இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

அந்தப் பேனாவை இப்படிக் கொடுங்கள். உங்கள் பெயரையும் தெருவையும் குறித்துக்கொள்கிறேன். மெதுவாகச் சொல்லுங்கள் தம்பி. எங்கே ஒற்று வரும், எங்கே வராது, அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சுவரில் எழுதும்போது பிழை வந்துவிடக்கூடாது, பாருங்கள்.